ஆம்பிளை பூசுகிற சந்தனம்

பொழிச்சலூர்

அன்புள்ள கண்ணா,

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, உன்மேல் கோயில் வாசம் அடிக்கிறது என்று சொன்னாளாம். அன்றைக்கே ஜவ்வாது டப்பாவைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாயாம். நம் பக்கத்தில் ஆம்பிளைகள் இதைப் பூசுவது உண்டா, இல்லை சாமிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறாய். மூடி வைத்ததில் எனக்கு மனத்தாங்கல்தான். கேட்கவாவது தோன்றியதே!

உன் தாத்தா நாகல்கேணியில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதினார். காற்று பம்மல் பக்கமிருந்து திரும்பினால் தோல் வாடைக்குப் பயந்து இங்கே ஜன்னலைச் சாத்துவோம். சாயங்காலம் அவர் வந்ததும் நேரே கிணற்றடிக்குத்தான் போவார். குளித்துவிட்டுக் கல்லில் சந்தனக்கட்டையை இழைத்து, நெஞ்சிலும் கழுத்திலும் தடவிக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒரு சிட்டிகை ஜவ்வாது வைப்பார். தெருவில் போகிறவனுக்குத் தெரியாது. மடியில் போய் உட்கார்ந்த எனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும். ஆம்பிளைக்கு வாசனை அந்த அளவுதான் இருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சங்கப் பாட்டில் மார்பில் சாந்து பூசாத தலைவனைத் தேடத்தான் வேண்டும். சாமிக்குச் சாத்துவதையே மனிதனும் பூசிக்கொண்டான், நாம் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. அத்தர் விற்கிற பாய் பஞ்சில் தொட்டுக் காதுமடலில் செருகிவிடுவாரே, கன்னோசியில் பரம்பரையாக வடித்த அந்த அத்தருக்கும் அடியில் சந்தன எண்ணெய்தான்.

உனக்கு இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். நம் பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் தோல் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் வேரூன்ற வைத்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர். பிற்பாடு மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில்துறை இயக்குநராகப் போனார். அப்போது மைசூர்ச் சந்தனக்கட்டை கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். எண்ணெய் வடிப்பதில் பேர்போனவர்கள் ஜெர்மானியர்கள். 1914-இல் போர் வந்ததும் வழி அடைபட்டுக் கட்டை தேங்கிவிட்டது. சாட்டர்டன் முயற்சியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வடித்துப் பார்த்தார்கள், நன்றாகவே வந்தது. 1916-இல் மைசூர் மகாராஜா ஆலை வைத்தார், மைசூர் சாண்டல் சோப்பும் அதையொட்டி வந்ததுதான். தாத்தா பகலெல்லாம் சுமந்த தோல் வாடையிலும், அந்தச் சோப்பு வாசத்திலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது! ஜெர்மனியில் இருக்கும் உனக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

கட்டை இப்போது எங்கே கிடைக்கிறது! வைரம் பாய்ந்த நடுமரத்தில்தான் வாசம், அதற்குப் பல வருஷம் பிடிக்கும். சொந்த நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசாங்கத்துக்கே என்ற சட்டம் 2002 வரை இங்கே இருந்தது. அப்படியிருக்க யார் வளர்த்திருப்பார்கள்? நீ அங்கே கடையில் பார்க்கும் சந்தன சென்ட்டுகளில் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்த சரக்குதான்.

அந்த சென்ட் ஸ்ப்ரேயில் பெரும்பாலும் இருப்பது ஆல்கஹால். அடித்ததும் அறை முழுக்க எழும்பும், வேகமாக அடங்கும். சந்தன எண்ணெயில் உள்ள சாண்டலால் என்ற பொருள் கனமானது, லேசில் ஆவியாகாது. உடம்புச் சூட்டுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக விடும். வியர்வையோடு சண்டை போடாது.

நீ ஜவ்வாதை அள்ளிப் பூசியிருப்பாய் என்று நினைக்கிறேன். சட்டையில் தூவாதே. குளித்துத் துவட்டியதும், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் சிட்டிகைக்கும் குறைவாகக் குழைத்து நெஞ்சுக்குழியில் தடவு, மிச்சத்தைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிடு. அந்தக் குளிருக்கு நீ போடுகிற கம்பளிச் சட்டைக்குள் சூடு பிடித்து ராத்திரி வரை நிற்கும். அந்தப் பெண் மறுபடி ஏதாவது சொன்னால் சாட்டர்டன் கதையைச் சொல்.

பெரியம்மா வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் யாராவது வருவதானால் முன்கூட்டியே எழுது, இன்னொரு டப்பாவும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா