ட்ரோனை ஓட்டுறது யாரு?

இப்பல்லாம் கல்யாணத்துல நாதஸ்வரத்தை விட தலைக்கு மேல 'ங்ங்ங்'னு கேக்குற சத்தம்தான் அதிகம். அக்கா பையன் அந்தத் தொழில்லதான் இருக்கான். கல்யாணம், வளைகாப்பு, கோயில் கொடைன்னு எல்லாத்துக்கும் கேமரா. கடன் வாங்கி ஒரு ட்ரோனும் வாங்கிட்டான். "மாமா, ரொம்ப ஈஸி. குச்சியை விட்டுட்டாக்கூட அந்தரத்துல அப்படியே நிக்கும்"ங்கிறான். "ஜனங்க தலைமேல விழுந்து தொலைக்காதாடா?"ன்னு அக்கா. பஞ்சாயத்து எங்கிட்ட வந்துச்சு. அவனுக்குச் சொன்னதை இங்கயும் எழுதி வைக்கிறேன். புதுசா வாங்கப் போறவங்களுக்கு உதவும்.

முதல்ல, எப்படிப் பறக்குது? நாலு மூலையில் நாலு மோட்டார், நாலு விசிறி. விசிறிகள் காற்றைக் கீழே தள்ள, அதன் எதிர்விசை ட்ரோனைத் தூக்குது. அந்த விசையும் எடையும் சமமா இருந்தா அந்தரத்தில் நிக்கும். ஆனா விசிறி ஒரு பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். ஹெலிகாப்டருக்கு வாலில் ஒரு குட்டி விசிறி இருக்கிறது இதுக்காகத்தான். ட்ரோனில் இரண்டு விசிறி வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. கணக்கு நேராயிடுது.

முன்னாடி போகணுமா? பின்பக்க மோட்டார் இரண்டும் வேகமாகும், உடம்பு முன்னால் சாயும், தூக்குற விசையில் ஒரு பங்கு முன்னால் தள்ளும். நின்ன இடத்திலேயே திரும்பணுமா? ஒரு சுழி ஜோடியைக் கூட்டி, இன்னொரு ஜோடியைக் குறைச்சா போதும். சுக்கான் கிக்கான் எதுவும் கிடையாது. நாலு மோட்டாரோட வேகம், அம்புட்டுதேன்.

சின்ன வயசில் உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியிருப்பீங்க. கம்பு நிக்குதுன்னு பார்க்கிறவங்க சொல்வாங்க. கை மட்டும் இப்படியும் அப்படியும் ஓடிக்கிட்டே இருக்கும். ட்ரோன் 'சும்மா நிக்கிறதும்' இதே வித்தைதான். உள்ளே இருக்கிற கைரோஸ்கோப்பும் ஆக்ஸிலரோமீட்டரும் 'இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்க, ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மோட்டார் வேகத்தை மாத்திக்கிட்டே இருக்கு. மனுஷனால இது ஆகாது. நாம குச்சியைத் தள்ளும்போது, "கொஞ்சம் முன்னாடி போகணும் சாமி"ன்னு அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு மனு போடறோம். ஓட்டுறது அதுதான் :-)

இங்கதான் விஷயமே இருக்கு. சாயாம இருக்கிறது வேற, இடம் மாறாம இருக்கிறது வேற. சாயாம இருக்க மேலே சொன்ன இரண்டும் போதும். இடம் மாறாம இருக்க, தான் எங்க இருக்கோம்னு ட்ரோனுக்குத் தெரியணும். அதுக்கு ஜி.பி.எஸ். வேணும், குறைஞ்சது 4 செயற்கைக்கோள் தெரியணும். உயரத்துக்குக் காற்றழுத்தமானி. கீழே பார்க்கிற குட்டிக் கேமரா தரையைப் பார்த்து 'நகர்ந்துட்டோமா'ன்னு சரிபார்க்கும். திசைக்குக் காந்தமுள் மாதிரி ஒரு சில்லு.

இப்ப கல்யாண மண்டபத்தை நினைச்சுப் பாருங்க. மேலே கான்கிரீட் கூரை, ஜி.பி.எஸ். சரியாக் கிடைக்காது. மாப்பிள்ளை அழைப்புக்காக விளக்கைக் குறைச்சிருப்பாங்க, கீழ்க் கேமராவுக்குத் தரை தெரியாது. சுத்திலும் இரும்புக் கம்பி, காந்தமுள் குழம்பும். அப்பவும் ட்ரோன் சமமாத்தான் பறக்கும், ஆனா ராட்சச ஃபேன் காத்துக்கு மெல்ல ஒதுங்கிப் போகும். எங்க சொந்தத்தில் ஒரு கல்யாணத்துல, வேற ஒருத்தர் விட்ட ட்ரோன் இப்படித்தான் மிதந்துபோய் மேடை அலங்காரத் துணியில் சிக்குச்சு. கீழே ஐயர், குழந்தைகள். யாருக்கும் அடிபடலை, பகவான் புண்ணியம்.

'வீடு திரும்பு' பட்டனையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பக் கூடாது. கிளம்பின இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, நாம செட் பண்ணின உயரத்தில்தான் அது திரும்பும். 30 மீட்டர்னு வச்சுட்டு, நடுவில் 40 மீட்டர் செல்போன் டவர் நின்னா? தடையைக் கண்டுபிடிக்கிற வசதி இல்லாத மாடல் நேரா போய் முட்டும். பேட்டரியும் அப்படித்தான். எதிர்க்காற்றில் திரும்ப, போனதை விட அதிகம் செலவாகும். பாதி தீரும்போது திரும்பலாம்னு இருந்தா பாதி வழியில் நிக்கும்.

சரி, அக்கா கேட்ட கேள்வி. விழுமா? விழும். விமானம் எஞ்சின் நின்னாலும் கொஞ்ச தூரம் மிதந்து போகும். ஹெலிகாப்டர்கூட விசிறியைக் காற்றிலேயே சுத்தவிட்டு இறங்கிடலாம். நாலு விசிறி ட்ரோனுக்கு இறக்கையும் இல்லை, விசிறி இதழோட கோணத்தை மாத்தவும் முடியாது. ஒரு விசிறி உடைஞ்சாலே பெரும்பாலும் சுத்திக்கிட்டே கல்லு மாதிரி கீழே வரும்.

அதனால அவனுக்கு நான் சொன்னது இதுதான்: கூட்டத்துக்கு மேல வேண்டாம், கூட்டத்துக்குப் பக்கவாட்டில் விடு. மண்டபத்துக்குள்ள வேண்டவே வேண்டாம். கிளம்பறதுக்கு முன்னாடி செயற்கைக்கோள் எண்ணிக்கையைப் பாரு. 2021 ட்ரோன் விதிகளையும் படி. 250 கிராமுக்கு மேல இருக்கிறதை வச்சு சம்பாதிக்கணும்னா ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும்.

"பார்ட்டி மேலருந்து ஷாட் கேப்பாங்களே மாமா"ன்னான். கேப்பாங்கதான். முடியாதுன்னு சொல்றதும் தொழில்ல ஒரு பாகம்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான், ஆனா பயிற்சிக்குப் பணம் கட்டிட்டதா அக்கா சொன்னா.

டிஸ்கி: ஓடற விசிறிகிட்ட விரலைக் கொண்டு போகாதீங்க. அது குச்சி ஐஸ் இல்லை.