துருப்பிடித்த வாள்

வலிமை என்பது யாது? பகைவனை வீழ்த்தும் தோளாற்றலா? எதற்கும் அஞ்சாத முரட்டுத் துணிவா? அன்றிப் பிறர் துயர் கண்டு உருகும் உள்ளமா? பழங்கதைகள் பலவும் இவ்வினாவை எழுப்பியுள்ளன. ஜப்பான் நாட்டில் அண்மைக் காலத்தில் தோன்றிய கதை ஒன்றும் இவ்வினாவை எழுப்பி, எண்ணி எண்ணி இன்புறத்தக்க விடை ஒன்றைத் தருகின்றது. அதுவே இனுயாஷா என்னும் வீரனின் கதை.

இதனைப் படைத்தவர் ருமிக்கோ தகாஹாஷி என்னும் பெண்மணியார். 1996ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரை வார இதழ் ஒன்றில் இக்கதையை அவர் சித்திரத் தொடராக வரைந்தார்; அது 56 தொகுதிகளாக வெளிவந்தது. அசையும் ஓவியங்களால் ஆகிய படங்களை அந்நாட்டார் அனிமே என்பர். 2000ஆம் ஆண்டில் இக்கதை அனிமேயாகித் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு வரை 167 பகுதிகள் வெளிவந்தன. எஞ்சிய கதை 2009, 2010ஆம் ஆண்டுகளில் 26 பகுதிகளாக நிறைவெய்தியது.

தலைவனின் பெயரே பொருள் பொதிந்தது. ‘இனு’ என்றால் நாய். ‘யாஷா’ என்பது ‘யட்ச’ என்னும் வடசொல்லின் திரிபு. பௌத்த சமயம் சீன நாட்டின் வழியே ஜப்பானை அடைந்தபோது அச்சொல்லும் உடன் சென்றது. தமிழ் நூல்கள் இயக்கர் எனக் குறிக்கும் இனத்தாரே அவர்.

கதை தோக்கியோ நகரில் தொடங்குகின்றது. அங்கே ஒரு கோயில்மனையில் வாழும் பள்ளி மாணவி ககோமே. அம்மனையில் பாழ்பட்ட பழங்கிணறு ஒன்று உண்டு. அவளுடைய பதினைந்தாம் பிறந்த நாளன்று அக்கிணற்றிலிருந்து பெரும் பூரான் வடிவில் எழுந்த பேய் ஒன்று அவளை உள்ளே இழுத்துச் செல்கின்றது. மேலே ஏறி வந்து பார்க்கின்றாள் ககோமே. வீட்டைக் காணவில்லை, தெருவைக் காணவில்லை, நகரத்தையே காணவில்லை! ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்னர், சிற்றரசர்கள் ஓயாது போரிட்ட காலத்தில் அவள் நிற்கின்றாள். ஆனால், அவள் வீட்டு முற்றத்தில் நின்ற பெருமரம் மட்டும் அங்கும் நிற்கின்றது. அம்மரத்தோடு சேர்த்து அம்பால் அறையப்பட்ட ஓர் இளைஞன், ஐம்பது ஆண்டுகளாகக் கண்மூடி உறங்குகின்றான். நரைத்த கூந்தல், நாயின் செவிகள், கூரிய நகங்கள். அவனே இனுயாஷா.

அவன் தந்தை பேருருக் கொண்ட நாய் இயக்கன். தாயோ மானிடப் பெண். இரு குலத்துக்கும் உரியவனாகப் பிறந்தமையால், இரு குலத்தாராலும் அவன் இகழப்பட்டான். சிறுவனாக இருந்தபோது பந்தெடுத்து ஆட விரும்பி ஆடவர் சிலரை அணுகினான். அவர்களோ அவனை ‘அரைப்பிறவி’ என இகழ்ந்து அகன்றனர். அவன் தாயிடம் ஓடி, அச்சொல்லுக்குப் பொருள் யாது என வினவினான். அவள் விடை கூறவில்லை. அவனைத் தழுவிக்கொண்டு அழுதாள். அந்தக் கண்ணீரின் பொருள் அவனுக்குப் பின்னர் விளங்கியது. ‘முழு இயக்கனாக மாறிவிட்டால் என்னை இகழ்வார் யார்?’ என்னும் எண்ணம் அவன் நெஞ்சில் வேர்விட்டது. வேண்டுவார் வேண்டியதை நல்கும் மணி ஒன்றைக் கைப்பற்ற அவன் முயன்றது அதன் பொருட்டேயாகும்.

அம்மணியைக் காத்துவந்தவள் கிக்கியோ என்னும் கோயிற்பெண். அவளிடம் அன்பு கொண்ட இனுயாஷா, மனிதனாகி அவளுடன் வாழவும் இசைந்தான். ஆனால், நரக்கு என்னும் கொடியோன் இருவர் உருவையும் மாறி மாறிக் கொண்டு, ஒருவரை ஒருவர் வஞ்சித்ததாக நம்பச் செய்தான். கிக்கியோ எய்த அம்பே இனுயாஷாவை மரத்தில் அறைந்தது. அவளும் புண்பட்டு இறந்தாள். ஐயம் என்னும் நஞ்சு அன்பையும் அழித்துவிடும் அன்றோ!

ககோமே அவனைத் துயில் எழுப்புகின்றாள். அவள் எய்த அம்பு ஒன்று தவறுதலாக மணியில் பட, அது பல துண்டுகளாய்ச் சிதறி நாடெங்கும் விழுகின்றது. அவற்றைத் தேடி இருவரும் புறப்படுகின்றனர். உற்றாரை இழந்த சாங்கோவும், குலச் சாபத்தைக் கையில் சுமந்த துறவி மிரோக்குவும், தந்தையை இழந்த நரிக்குட்டி ஷிப்போவும் வழித்துணை ஆகின்றனர்.

இப்பயணத்தில் நெஞ்சை அள்ளும் இடம் ஒன்று உண்டு. இனுயாஷாவின் தந்தை தம் பல்லினால் செய்வித்த வாள், அவரது கல்லறையில் நாட்டப்பட்டிருந்தது. முழு இயக்கனாகிய தமையன் செஷ்ஷோமாரு அதனைப் பிடுங்க முயல்கின்றான், இயலவில்லை. இனுயாஷாவும் முயல்கின்றான், வாள் அசையவில்லை. மானிடப் பெண்ணாகிய ககோமேயின் கையில் அது எளிதாக வந்துவிடுகின்றது! வந்ததோ துருப்பிடித்த, முனை மழுங்கிய இரும்பு. ஆயினும், ‘இவளைக் காப்பேன்’ என்று உறுதி கொண்டு இனுயாஷா அதை ஏந்தியபோது, அது பேரொளி வீசும் பெருவாளாக மாறியது. மானிடரைக் காக்கவே செய்யப்பட்ட வாள் அது. ஆதலின் மானிடர்பால் அருள் இல்லாத கைக்கு அது பணியவில்லை.

அவ்வாள் இல்லாத வேளையில் நேர்ந்தது யாது? உயிருக்கு இறுதி வந்தபோது, அவன் குருதியில் உறங்கிய இயக்கத்தன்மை பொங்கி எழுந்தது. அவன் நெடுங்காலம் விரும்பிய வலிமை வந்தது. ஆனால், அறிவு அகன்றது. உயிர்ப்பிச்சை வேண்டிய கொள்ளையரையும் அவன் நகங்கள் கிழித்தன. தன்னுணர்வு மீண்டபின், தன் கைகளில் வீசிய மனிதக் குருதியின் நாற்றத்தை உணர்ந்து அவன் உள்ளம் நடுங்கினான். எதனை உயர்வு என எண்ணி ஏங்கினானோ, அதுவே இழிவு என அன்று அறிந்தான்.

இறுதியில் நரக்கு வீழ்கின்றான். இருளில் சிக்கிய ககோமேயிடம், தனக்கென ஒன்று வேண்டுமாறு மணி தூண்டுகின்றது. அவளோ, இனுயாஷா வருவான் என்னும் நம்பிக்கையோடு பொறுத்திருக்கின்றாள். அவன் வந்தபின் அவள் வேண்டியது ஒன்றே: ‘இம்மணி என்றென்றைக்கும் மறைந்தொழிக!’ மணி மறைந்தது. கிணற்றின் வழியும் அடைபட்டது. மூன்றாண்டுகள் கழிந்து, பள்ளிப் படிப்பு முடிந்த பின்னரே அவ்வழி மீண்டும் திறந்தது. தாயிடம் விடைபெற்ற ககோமே, பழங்காலத்தில் வாழச் சென்றாள். அங்கே காத்திருந்த இனுயாஷா முழு இயக்கன் அல்லன். முழு மனிதனும் அல்லன். பிறந்தவாறே இருந்தான், அதனை எண்ணி நாணவில்லை.

ஐந்நூறு ஆண்டுகளைக் கடத்தல் அரிது. அதனினும் அரிது, ‘நான் தாழ்ந்தவன்’ என்னும் எண்ணத்தைக் கடத்தல். பிறர் இகழ்ந்த பிறப்பை இனுயாஷா மாற்றிக்கொள்ளவில்லை. தன்னை நம்பியவரைக் காத்து, அப்பிறப்புக்கே பெருமை தேடித் தந்தான். துருப்பிடித்த வாள் ஒளி பெற்றதும் அவ்வாறேயன்றோ!