மாரெப் ஆற்றங்கரையில்

எத்தியோப்பிய நாட்டு நிலப்படத்தைக் காணுந்தோறும் என் விரல் வடக்கே மாரெப் ஆற்றின்மீது நின்றுவிடும். 1896ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், அத்வா மலைகளில் இத்தாலியப் படையை முறியடித்தார் பேரரசர் இரண்டாம் மெனிலிக். வென்றவர் அந்த ஆற்றைக் கடவாமல் தெற்கே திரும்பினார். கடந்திருந்தால்? அப்பால் அஸ்மாரா, அதன் விளிம்பிலிருந்து மலை சரிந்திறங்கும் இடத்தில் மசாவா துறைமுகம்.

மலைநாட்டார் கடலை நாடியது புதிதன்று. பண்டைய அக்சும் அரசுக்கு அதுலிஸ் என்னும் துறை இருந்தது. நம் முசிறியைக் குறிப்பிடும் கிரேக்கக் கடற்பயண நூலே அதுலிஸையும் குறிப்பிடுகின்றது. (நாமோ முசிறியோடு அந்நூலை மூடிவிடுகின்றோம்!) 1557இல் மசாவா துருக்கியர் கைப்பட்டது, பின்னர் எகிப்தியர், 1885இல் இத்தாலியர்.

மெனிலிக் அஞ்சித் திரும்பினார் என்பாரை நான் ஏற்பதில்லை. 1888 முதல் நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின் வடு ஆறாத நிலம், ஏறக்குறைய ஒரு நூறாயிரம் வீரருக்கு எத்தனை நாள் சோறிடும்? இத்தாலியிலிருந்து புதுப்படைகள் வந்திறங்கிக்கொண்டிருந்தன. மசாவாவைப் பிடித்தாலும், கப்பலில்லாத அரசன் பீரங்கிக் கப்பல்களுக்கு முன் எவ்வாறு அதனைக் காப்பான்? மேலும் அவர் தெற்கே சேவா நாட்டவர். வடக்கு விரிந்தால், முன்னைப் பேரரசர் யோஹன்னிஸின் மகன் மெங்கெஷாவின் கையே ஓங்கியிருக்கும்.

ஆனால், வாளால் இயலாததைச் சொல்லால் பெற்றிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தோல்விச் செய்தி எட்டியதும் உரோமில் பிரதமர் கிரிஸ்பி பதவியிழந்தார். ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறுக என்று மக்கள் தெருவில் முழங்கினர். மெனிலிக்கிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலியக் கைதிகள் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அடிஸ் அபாபாவில் உடன்படிக்கை எழுதியபோது, மேட்டுநிலத்தையேனும் அவர் கேட்டிருக்கலாம். நாட்டின் முழுவிடுதலையை ஒப்புக்கொள்ளச் செய்தார். எரித்திரேயா இத்தாலியிடமே நின்றது.

கேட்டுப் பெற்றிருந்தால், ஆற்றின் இருகரையிலும் திகிரினியா மொழி பேசும் ஓரினத்தார் இரு நாட்டினர் ஆகியிருக்கமாட்டார்கள். 1961 முதல் 1991 வரை முப்பதாண்டுப் போர் நேர்ந்திராது. 1993இல் எத்தியோப்பியா கடற்கரையை இழந்திராது. 1998இல் பாத்மே என்னும் சிற்றூருக்காகப் பல்லாயிரவர் மடிந்திருக்கவும் மாட்டார்கள்.

இவ்வளவும் எண்ணிவிட்டு நான் தயங்குவது ஓரிடத்தில்தான். அத்வாவில் இத்தாலியருக்காகப் போரிட்டுப் பிடிபட்ட எரித்திரேயச் சிப்பாய்கள் பலநூற்றுவருக்கு வலக்கையும் இடக்காலும் வெட்டப்பட்டன. வெள்ளையருக்கு அத்தண்டனை இல்லை. ஊனமுற்று ஆற்றைக் கடந்து ஊர் திரும்பிய அம்மனிதர்களின் குடும்பங்கள், மலையிலிருந்து இறங்கிவரும் பேரரசரை மீட்பர் என்று வரவேற்றிருப்பார்களா? கரையோரத்து அபார் மக்களையும் சாகோ மக்களையும் கேட்டிருந்தால், வரி தண்ட வரும் இன்னொரு தலைவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.