அலமாரியில் ஒரு பந்தயப் படகு



என் பழைய மாணவர் ஒருவர் மொரீஷியஸ் போய் வந்தபோது, மரத்தில் செய்த பாய்மரப் படகு மாதிரி ஒன்றை எனக்காக வாங்கி வந்தார். அந்தத் தீவில் இது பெயர் பெற்ற கைத்தொழில். மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டி, இழைத்து, பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள். படகின் நீளத்தைவிடப் பாய்மரம் உயரம். பீடத்துப் பித்தளைத் தகட்டில் 'ஷாம்ராக் 5, 1930' என்றிருந்தது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன்.

1851இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்து, ஒரு வெள்ளிக் கோப்பையைக் கொண்டுபோனது. அதை மீட்க 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை போட்டியிட்டவர் தாமஸ் லிப்டன். ஐந்து படகுக்கும் ஷாம்ராக் என்றே பெயர். ஐந்து முறையும் தோல்வி. எஃகுச் சட்டத்தில் மஹோகனிப் பலகை அடித்துக் கட்டிய ஐந்தாவது படகும் 4-0 என்று தோற்றது. ஆனாலும் அவர் முகம் சுளிக்கவில்லை என்று அமெரிக்க மக்களே பணம் சேர்த்து அவருக்குத் தங்கக் கோப்பை கொடுத்தார்கள். மறு வருடம், 1931இல், காலமானார்.

ஆமாம், தேயிலை லிப்டன்தான். 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கியவர். அப்புத்தளைக்கு மேலே அவர் உட்கார்ந்து பார்த்த மலைமுனைக்கு இன்றும் 'லிப்டன் சீட்' என்றே பெயர்.

என் அம்மா பிறந்ததும் அந்த மலைப்பக்கம்தான், வேறொரு தோட்டத்து லயத்தில். விடியலில் பெரட்டு, பிறகு முதுகில் கூடை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. 1964 ஒப்பந்தத்தின்படி, பின்னாளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தோம். அம்மா ஏறிய ஒரே கப்பல் அது.

படகைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அம்மா பாயைத் தடவிப் பார்த்தார்.

"தோத்ததுக்கா தங்கக் கிண்ணம் குடுத்தாங்க?"

"ஆமாம்மா."

"எங்களுக்கு ஒரு ராத்தல் கொறஞ்சாலும் அரைப்பேருதான்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

லிப்டனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தோல்வியைச் சிரித்தபடி ஏற்பது பெரிய குணம்தான். முப்பது வருடம் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் ஐந்து முறை தோற்று ஐந்து முறையும் புதுப் படகு கட்ட ஒருவரால் முடிந்தது என்றால், அந்தச் செல்வத்தில் கொழுந்து எடுத்த கைகளுக்கும் பங்குண்டு. தகட்டில் அவர்கள் பெயர் இருக்காது. இந்த மாதிரியை இழைத்த தச்சரின் பெயரும் இல்லை.

படகு அலமாரியிலேயே இருக்கட்டும். அழகான வேலைப்பாடு. பேரன் கேட்டால் கோப்பைக் கதையையும் அரைப்பேர் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையும் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.