இரவல் போன உளி

திருவான்மியூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால், தகரக் கூரை வேய்ந்த சிறு சாய்ப்பு ஒன்று உண்டு. அதைப் பட்டறை என்று அழைப்பது சற்று மிகைதான். தச்சுத் தொழில் செய்து எங்களை ஆளாக்கிய என் தந்தையாரின் கருவிகள் அங்கே சுவரோரம் தொங்குகின்றன: இரண்டு ரம்பங்கள், ஓர் இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், வெவ்வேறு அகலத்தில் ஏழு உளிகள். நான் அலுவலகத்தில் பேனா பிடித்தே காலம் கழித்தவன். எனினும் அவற்றைப் பேணுவதில் குறை வைத்ததில்லை. கடல் அருகில் இருப்பதால் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. எண்ணெய்த் துணியால் ஒரு வாரம் துடைக்கத் தவறினால் மறு வாரம் துரு பூத்துவிடும்.

கருவி வைத்திருப்பவன் வீட்டைத் தெரு முழுவதும் அறியும். அரிசியையும் பணத்தையும் கடன் வாங்குகிறோம். வாங்கியதைச் செலவழித்துவிட்டு, அதற்கு ஈடான வேறொன்றைத் திருப்புகிறோம். அளந்து வாங்கி அளந்தே திருப்புவதைக் குறிக்கக் 'குறியெதிர்ப்பை' என்ற சொல்லை வள்ளுவர் ஆண்டிருக்கிறார். உளியை அப்படி வாங்க இயலாது. போன உளியே திரும்பி வர வேண்டும், அதுதான் இரவல். ஆனால் போன உளியே வந்தாலும் போனபடி வருவதில்லை. ஆகவே நான் ஒரு குறிப்பேடு வைத்தேன். தேதி, கருவி, பெயர், திரும்பிய நாள், திரும்பிய நிலை என்று ஐந்து கட்டங்கள். ஐந்தாம் கட்டத்தில் நான் எழுதியிருப்பவற்றை இன்று படிக்க நாணமாக இருக்கிறது.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 3, இறை இரக்க ஞாயிறு. திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்திருந்த இரக்கத்தின் யூபிலி ஆண்டும் அதுவே. திருப்பலி முடிந்து வந்து சாய்ப்பில் நுழைந்தபோது, ஓர் அங்குல உளி செய்தித்தாளில் சுற்றப்பட்டு அதன் ஆணியிலேயே தொங்கக் கண்டேன். பிரித்தால், முனையில் பிறைபோல ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கொண்டுபோனவர் என் தங்கையின் கணவர். அன்று மதியம் அனைவரும் உணவுக்கு அமர்ந்திருக்கையில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்: "உளிக்கும் கடப்பாரைக்கும் வித்தியாசம் தெரியாதவங்க இதைத் தொடலாமா, மாப்பிள்ளை?"

அவர் ஒன்றும் பேசவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அதற்குப்பின் எட்டு மாதங்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தங்கை மட்டும் வந்து போனாள். அவளும் நெடுநேரம் உட்காரவில்லை.

அந்த மாதங்களில் ஒருநாள் அரசர்கள் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரம் கண்ணில் பட்டது. இறைவாக்கினர் குழுவினர் தங்குவதற்கு ஓரிடம் அமைக்க யோர்தான் கரையில் மரம் வெட்டுகிறார்கள். ஒருவனது கோடரியின் இரும்பு கழன்று நீரில் விழுகிறது. அது இரவல் வாங்கியதாயிற்றே என்று அவன் அலறுகிறான். அலறியதில் வியப்பில்லை, சவுல் காலத்திலேயே இஸ்ரயேல் நாட்டில் கொல்லர் இன்றி, கலப்பைக் கொழுவைத் தீட்டவும் பெலிஸ்தியரிடம் போக வேண்டியிருந்தது என்று சாமுவேல் நூல் கூறுகிறது. இரும்பு அவ்வளவு அரிது. எலிசா ஒரு கொம்பை வெட்டி எறிந்து இரும்பை மிதக்கச் செய்தது அனைவரும் அறிந்த புதுமை. என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முந்திய வரி. எங்கே விழுந்தது என்பது ஒன்றே எலிசா கேட்டது. ஏன் கவனமின்றி வெட்டினாய் என்று கேட்கவில்லை. அவர்முன் அந்த மனிதனால் வாய்விட்டு அலற முடிந்திருக்கிறது. என் வீட்டிலோ ஒருவர் உளியைத் தாளில் சுற்றிச் சத்தமின்றி மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தது. மறுநாள் விடிந்தபோது சென்னை நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை. எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு குறுக்கே விழுந்திருந்தது. அதன் கிளைகளுக்கிடையே குனிந்து வந்தவர் மாப்பிள்ளை. கொட்டிவாக்கத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"மச்சான், எங்க சந்துல மரம் விழுந்து கதவை அடைச்சிருக்கு. ஒரு பாட்டி உள்ளேயே மாட்டிக்கிட்டாங்க. ரம்பம் வேணும்."

இரண்டு ரம்பங்களையும் அரிவாளையும் கொடுத்தேன். குறிப்பேட்டின் நினைவே வரவில்லை. பாட்டி வெளியே வந்தபின் ரம்பம் அடுத்த வீட்டுக்கும், அங்கிருந்து அடுத்த சந்துக்கும் போயிருக்கிறது. நான்காம் நாள் முன்பின் அறியாத ஒரு சிறுவன் பெரிய ரம்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். விரிந்திருந்த கைப்பிடியை எவரோ சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பற்கள் மழுங்கியிருந்தன. சிறிய ரம்பம் இன்றுவரை வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை தாமாகவே வந்தார். இரு பலகைகளுக்கிடையே ரம்பத்தை அவர் அழுத்திப் பிடிக்க, நான் முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டினேன். பாதி ரம்பம் வரை பேச்சில்லை.

"அன்னைக்குப் பெயின்ட் டப்பா மூடி திறக்கலைன்னு உளியை விட்டு நெம்பிட்டேன், மச்சான். சொல்லணும்னுதான் கொண்டுவந்தேன். நீங்க அந்த நோட்டைப் பிரிச்சு வச்சு எழுதிட்டு இருந்தீங்க. உங்க முகத்தைப் பார்த்ததும் வாய் வரலை."

அரம் என் கையில் சற்று நேரம் நின்றது. "தப்பு என் மேலதான், மாப்பிள்ளை" என்றேன். அவர் மறுமொழி சொல்லாமல் ரம்பத்தைத் திருப்பிப் பிடித்தார்.

அந்த உளியைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சில்லை நீக்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. ஒரு நெல்லளவு குறைந்துபோயிற்று. தந்தையார் தீட்டித் தீட்டித் தேய்த்ததை நோக்க அது ஒன்றுமேயில்லை. சென்ற மாதம் கதவுக்குக் கீல் பொருத்த வேண்டுமென்று மாப்பிள்ளை அதையே கேட்டு வாங்கிப் போனார். ஆணி வெறுமையாக இருக்கிறது. கீல் இன்னும் பொருத்தி முடியவில்லை போலும்.