பூச்சிக்குப் பேர் வைக்கிற வேலை



பதிவு கொஞ்சம் நீளம். காட்டில் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறவர்களும், வீட்டில் மேல்படிப்புக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளை இருக்கிறவர்களும் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் உங்கள் சௌகரியம்.

வெயில் காலம் வந்தாலே என் வாட்ஸ்அப்பில் மாவுப்பூச்சி படமாக வந்து குவியும். "டீச்சர், இது என்ன பூச்சி, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். மருந்து சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் உங்கள் கேள்வியின் முதல் பாதி இருக்கிறதே, "இது என்ன பூச்சி?", அதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன்.

மாவுப்பூச்சி என்பது ஒரு பூச்சியின் பெயர் இல்லை, கண்ணுகளா. அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். நம்ம பக்கத்துக் கிழங்குக் காட்டில் வருவதிலேயே ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. 2008-இல் கோயம்புத்தூர் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, பப்பாளி, மல்பெரி, கிழங்கு என்று எல்லாவற்றையும் அழித்ததே, அது பப்பாளி மாவுப்பூச்சி. மேலே இருக்கிற மாவைத் துடைத்தால் உடம்பு மஞ்சளாக இருக்கும். சாராயத்தில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் கருநீலமாக மாறிவிடும். 2020-இல் கேரளாவில் திருச்சூர் பக்கம் தென்பட்டு, பிறகு நம்ம சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்தது வேறொன்று. அது மரவள்ளி மாவுப்பூச்சி. உடம்பு இளஞ்சிவப்பு. அது பிடித்தால் கணுக்கள் நெருங்கி, குருத்து சுருண்டு, நுனி முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடும்.

தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் வெள்ளை. ஆனால் ஒன்றைக் கொல்லும் குளவி இன்னொன்றைத் தொடாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒரு கதை சொல்கிறேன். உண்மைக் கதை.

மரவள்ளியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அதுதான் சோறு ஆனது. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் ஒரு மாவுப்பூச்சி வந்து அந்தச் சோற்றில் கைவைத்தது. என்ன பூச்சி என்று யாருக்கும் தெரியவில்லை. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த தனியேல் மத்தில்-பெரேரோ என்ற அம்மையார் அதை ஆராய்ந்து, இது இதுவரை யாரும் விவரிக்காத புது இனம் என்று சொல்லி 1977-இல் பினகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயர் வைத்தார்.

செடி வந்த ஊரில்தான் பூச்சியும் இருக்கும், அதன் எதிரியும் இருக்கும் என்று தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் தேடினார்கள். மரவள்ளியில் அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தின்னும் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. ஆனால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியிடம் வேலை செய்யவில்லை. ஏன்?

விடை நுண்ணோக்கியில் இருந்தது. காக்ஸ், வில்லியம்ஸ் என்ற இரண்டு வகைப்பாட்டியல் அறிஞர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வடக்கில் கிடைத்தது வேறு இனம் என்று 1981-இல் அறிவித்தார்கள். அந்த இனத்தில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவை அழித்ததிலோ ஆணே கிடையாது. பெண்ணே தனியாகப் பெண்களைப் பெற்றுக்கொண்டு போகும். தேடின இடமே வேறு என்று அப்போதுதான் தெளிவானது. அதே 1981-இல் பெல்லோட்டி என்ற விஞ்ஞானி தெற்கே பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டுபிடித்தார். அதனோடு ஒரு குட்டிக் குளவியும் கிடைத்தது. எறும்பைவிடச் சிறியது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு வெளிவந்து பூச்சியை உள்ளிருந்தே தின்னும்.

அந்தக் குளவியை நைஜீரியாவில் வளர்த்து விட்டார்கள். அங்கிருந்து ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது நிலைபெற்றது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அந்தக் குளவிக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த டி சான்டிஸ் என்பவர் 1964-லேயே அதை விவரித்து, லோபெசி என்று பெயர் வைத்துவிட்டார். அப்போது ஆப்பிரிக்காவில் அந்தப் பிரச்சினையே இல்லை. "இந்தத் துளிப் பூச்சிக்குப் பேர் வைத்து என்ன ஆகப்போகிறது?" என்று அன்றைக்கு யாராவது அவரிடமும் கேட்டிருப்பார்கள்.

இனி இந்தப் பேர் வைக்கிற வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி கேளுங்கள்.

முதலில் வளர்ந்த பெண் பூச்சியை எடுத்து சாராயத்தில் போட்டுவைப்பார்கள். பிறகு காரக் கரைசலில் சூடாக்கி உள்ளே இருக்கிறதை எல்லாம் கரைத்து எடுத்து, வெறும் தோலைச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். நுண்ணோக்கியில் அந்தத் தோலில் இருக்கும் துளைகள், முடிகள், மெழுகு சுரக்கும் குழாய்கள் எத்தனை, எந்த இடத்தில், என்ன வடிவம் என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிடுவார்கள். எதனோடும் சேரவில்லை என்று உறுதியான பிறகுதான் புது இனம் என்று படம் வரைந்து, விவரம் எழுதி, ஆய்விதழில் வெளியிட வேண்டும். எந்த ஒரு பூச்சியை வைத்துப் பெயர் வைத்தார்களோ, அதை முத்திரை மாதிரியாக அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். நூறு வருஷம் கழித்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்துப் பார்க்கலாம். நம்ம நாட்டில் 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் கொல்கத்தாவில் இப்படிப்பட்ட மாதிரிகளைக் காத்துவருகிறது. பெயருக்கு இரண்டு பகுதி, நம்ம இனிஷியலும் பேரும் மாதிரி. விலங்குகளுக்கு இந்த முறையின் கணக்கு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குகிறது. இப்போது மரபணுவில் ஒரு சின்னப் பகுதியைப் படித்தும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் அதை ஒப்பிடவும், சரியாகப் பெயர் சொல்லி வைத்த ஒரு மாதிரி முதலில் வேண்டும்.

பூச்சிக்கே இவ்வளவு என்றால் சிலந்திப்பேன் வகைகளுக்கு இன்னும் பாடு. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கும் உண்ணிக்கும் எட்டுக் கால் என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். தென்னங்காயைச் சொறி பிடித்த மாதிரி ஆக்குகிறதே ஈரியோபைட் சிலந்தி, அது எட்டுக்கால் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அதற்கு நாலே கால். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கெய்ஃபர் என்ற அமெரிக்கர் 1965-இல் மெக்சிகோவின் குவெரேரோ பகுதியில் கிடைத்ததை வைத்து அதற்குப் பெயர் சூட்டினார். 1998-இல் அது கேரளாவுக்கு வந்தபோது, என்ன வந்திருக்கிறது என்று சொல்ல அந்தப் பழைய விவரம்தான் உதவியது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2021-இல் தம்பியின் மூன்று ஏக்கர் கிழங்கும் நுனி சுருண்டு நின்றது. கடையில் சொன்னதை எல்லாம் வாங்கி நாலு தடவை மருந்து அடித்தான். பூச்சி போகவில்லை. நகை அடகுக்குப் போனது. அறுத்து மில்லுக்குக் கொண்டுபோனால் பாயிண்டும் வரவில்லை, எடையும் வரவில்லை. அந்த வருஷ தீபாவளிக்கு அவன் யார் வீட்டுக்கும் போகவில்லை.

பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அதே லோபெசி குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பிறகு விவசாயிகளுக்கும் கொடுத்தார்கள். தம்பி காட்டிலும் விட்டான். அதற்கு அடுத்த போகத்தில் இலைக்கு அடியில் காய்ந்து பழுப்பாகிப்போன மாவுப்பூச்சிக் கூடுகளை எனக்குக் காட்டினான். குளவி உள்ளே இருந்து தின்றுவிட்டு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போன கூடுகள். "அக்கா, இது சம்பளம் கேட்காத ஆளுக்கா" என்றான்.

அவன் மகள் வேளாண்மையில் பூச்சியியல் முதுகலை முடித்திருக்கிறாள். சிலந்திப்பேன்களின் வகைப்பாட்டில் முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்கிறாள். நாலைந்து வருஷம் ஆகும். போன வைகாசியில் நம்ம சொந்தத்தில் நடந்த சீரில் இந்தப் பேச்சு வந்தது. "பூச்சிக்குப் பேர் வைக்கவா இவ்வளவு படிப்பு? பேங்க் பரீட்சை எழுதச் சொல்லு, கையோடு கல்யாணத்தை முடி" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிள்ளை எழுந்து பந்திக்குப் பரிமாறப் போய்விட்டது. அவள் முகத்தை நான் பார்த்தேன்.

சொந்தக்காரர்களே, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வேலை கிடைக்குமா, வயசு போகிறதே, கேட்க வேண்டிய கேள்விகள்தான். வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வேலையைக் கேவலமாகப் பேசாதீர்கள். உலகத்தில் இதுவரை பெயர் வைத்த பூச்சி இனங்கள் பத்து லட்சம் சொச்சம். பெயர் வைக்காதவை அதைவிடப் பல மடங்கு என்கிறார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டே போகிறார்கள். சென்னை லயோலா கல்லூரியில் இருந்துகொண்டு ஆனந்தகிருஷ்ணன் ஐயா இலைப்பேன்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். உலகமே அவரிடம் கேட்டது. நம்ம மண்ணுக்கு இது புதிதில்லை.

தம்பி, உன் காட்டைக் காப்பாற்றியது குளவி. அந்தக் குளவியை நம்ம ஊருக்கு வரச் சொல்லி அழைத்தது அதன் பெயர். அந்தப் பெயரை ஒருத்தர் குனிந்து உட்கார்ந்து, முடியையும் துளையையும் எண்ணி வைத்தார். உன் மகள் அந்த மாதிரி ஆளாக வேண்டும் என்கிறாள். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுக்கா, ஆனா நான் சரின்னு சொல்லிட்டேன்னு மட்டும் எழுதிடாதே" என்றான். எழுதவில்லை. சேர்க்கைக்கு விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, கிழங்கில் வெள்ளையாகப் பார்த்த உடனே மருந்து அடிக்காதீர்கள். பூச்சி பிடித்த நுனியோடு ஒரு கொப்பைக் கிள்ளி மூடி போட்ட டப்பாவில் வைத்து ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேளாண் அலுவலரிடமோ கொண்டுபோய், "இது எந்த மாவுப்பூச்சி?" என்று கேளுங்கள். காட்டில் குளவி இருக்கும்போது மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். இரண்டு, உங்களில் நாலைந்து பேர் வேளாண் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் இருக்கிறீர்கள். வகைப்பாட்டியல் படித்தவர்களுக்கு என்ன உதவித்தொகை, எங்கே வேலை என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். தம்பி முகநூலில் எதுவும் எழுத மாட்டான். ஆனால் ஒவ்வொன்றையும் படிப்பான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்.