தளத்தில் விரித்த பாய்

2023-ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து இலங்கை செல்லும் உல்லாசக் கப்பலில் மூன்று தலைமுறையினராகப் பயணம் மேற்கொண்டோம். ஒளி வெள்ளம் பாயும் கூடங்களையும் நீச்சல் குளத்தையும் கண்டு எம் பிள்ளைகள் துள்ளினர். எண்பதைக் கடந்த எம் வாப்பாவோ குளிரூட்டிய அறையில் தங்காது, திறந்த தளத்திற்கே வந்து நின்றார்கள்.

1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில், அறுபதுகளில் நாகப்பட்டினத்தில் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பினாங்கு சேர்ந்தவர்கள் அவர்கள்.

“அன்று உங்கள் உம்மாவைக் கரையில் நிறுத்திவிட்டுப் போனேன்; இன்று அவளில்லாமல் போகிறேன்” என்றார்கள்.

எமக்குச் சொல் எழவில்லை. பிள்ளைகள் நீச்சல் குளத்தை மறந்து அவர்களைச் சூழ்ந்து அமர்ந்தனர். நாம் துயின்ற மெத்தைக்கு அடியில் அந்தப் பாய் விரிந்திருப்பதை அன்றிரவு உணர்ந்தோம்.